எல்லைக்கல்லைக் குளிப்பாட்டி எடுத்த படம்

அந்தமானில், சர்க்கார் நிலம் கொடுத்துக் குடியேற்றிய எங்கள் செட்டில்மெண்டில் போட்டோ எடுத்துக்கொள்வதற்கு ஒரு முறை இருந்தது. அதை ஏற்படுத்தியவர் யாரென்று தெரியாது; மீறியவர் ஒருவரும் இல்லை. மழை ஓய்ந்ததும் போர்ட் பிளேயரின் அபர்டீன் பஜாரிலிருந்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் கப்பலில் மாயாபந்தர் வந்து, அங்கிருந்து சின்னப் படகில் எங்கள் ஜெட்டியில் இறங்குவார். அவர் வருகிற செய்தி முந்தின படகிலேயே வந்துவிடும். உடனே ஊர் முழுக்க இரவல் வாங்கும் வேலை ஆரம்பமாகும். கைக்கடிகாரம் கம்பவுண்டருடையது. நைலான் சேலை கடைக்காரர் மனைவியுடையது. கை வைத்த நாற்காலி பள்ளிக்கூடத்துடையது. இந்த மூன்றும் வீடு வீடாகப் பயணம் போகும். படங்கள் கடிதத்தோடு மெயின்லேண்டுக்குப் போகும். ராமநாதபுரம் பக்கம் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள், அந்தமானுக்குப் போனவர்கள் எல்லோரும் கடிகாரம் கட்டிக்கொண்டு, நைலான் உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று நம்பினார்கள். அவர்கள் நம்பவேண்டும் என்றுதான் நாங்களும் எடுத்தோம். அட்டை கடித்துப் புண்ணான கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்ள சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான், எழுபதுகளின் தொடக்கத்தில், ஒருவர் வந்து, "உங்கள் வாழ்க்கையை உள்ளபடி நீங்களே படமெடுங்கள்" என்றார்.

அவர் சென்னையில் ஏதோ ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவர். கதர் ஜிப்பா, தாடி, தோளில் ஜோல்னாப் பை. ஒரு தகரப் பெட்டி நிறையக் கறுப்பு டப்பா கேமராக்கள் கொண்டுவந்திருந்தார். இதுவரை படித்தவர்கள் ஏழைகளைப் படம் பிடித்தார்களாம், அது சுரண்டலாம், இனிமேல் கேமரா மக்கள் கையில் இருக்குமாம், அதிகாரம் இடம் மாறுமாம். பள்ளிக்கூடக் கொட்டகையில் பெண்களை உட்கார வைத்து நீண்ட நேரம் இதை விளக்கினார். அதிகாரம் இடம் மாறும்போது கேமராவின் பின்மூடியைத் திறந்துவிடக் கூடாது என்பதை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்தபின் பக்கத்து வீட்டு அத்தை கை தூக்கினாள்.

"இதுக்கு அரிசி குடுப்பாகளா?"

"என்ன கேட்கிறார்?" என்று அவர் சுற்றிலும் பார்த்தார். அங்கேதான் நான் தேவைப்பட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். மாயாபந்தரில் தங்கிப் படித்து, திரும்பி வந்து, அதே செட்டில்மெண்ட் பள்ளியில் தமிழ் வகுப்பு டீச்சராக உட்கார்ந்தவள். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. வரவேண்டும் என்று நினைத்ததும் இல்லை. ஆராய்ச்சிக்காரரின் தமிழை எங்கள் தமிழாக்கும் வேலையைத் தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். மெயின்லேண்டிலிருந்து ஒருவர் தன் பள்ளியைத் தேடி வந்ததில் அவருக்குப் பூரிப்பு. வந்தவருக்குத் தன் கட்டிலையே கொடுத்துவிட்டு அவர் பெஞ்சில் படுத்தார்.

கேமரா கொடுப்பதற்கு முன் ஒரு சம்மதக் காகிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. மை டப்பாவை மட்டும் ஆராய்ச்சிக்காரர் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். நான் படித்துப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன்: "நீங்க எடுக்குற படத்த இவரு எடுத்துட்டுப் போவாரு. எங்க வேணாலும், யாருக்கு வேணாலும் காட்டுவாரு."

"எங்கெங்க காட்டுவாராம்?"

அதை அவரிடம் கேட்டேன். "மெயின்லேண்டில், பெரிய பெரிய இடங்களில்" என்றார்.

பெண்களின் முகமெல்லாம் மலர்ந்தது. படம் மெயின்லேண்டுக்குப் போவது எங்களுக்குப் புதிதா என்ன? போகாவிட்டால்தான் அது படமே இல்லை. வரிசையாகக் கட்டைவிரல்களை ஊன்றினார்கள். என் அம்மா மட்டும் மை டப்பாவை ஒதுக்கிவிட்டுப் பேனா கேட்டாள். நான் கற்றுக்கொடுத்த கையெழுத்தை, முதல் எழுத்தைப் பெரிதாகவும் கடைசி எழுத்தை இடமில்லாமல் மேலே ஏற்றியும் போட்டாள். ஆராய்ச்சிக்காரர் அதை வெகுநேரம் ரசித்தார். தன் நோட்டில் ஏதோ குறித்தும் கொண்டார்.

முதல் சுற்றுப் படங்கள் அபர்டீன் பஜார் போய், கழுவப்பட்டு, படகில் திரும்பி வந்தன. கொட்டகை மேஜையில் பரப்பிப் பார்த்த அவர் முகம் சுண்டிப்போனது. எல்லாப் படத்திலும் அதே கடிகாரம், அதே நைலான் சேலை, அதே நாற்காலி. கேமரா கையில் இருந்தால் என்ன, முறை முறைதானே?

"இதில் உழைப்பு எங்கே? வியர்வை எங்கே?" என்றார்.

"அத எதுக்கு சார் படம் புடிக்கணும்? தெனம் பாக்குற கருமந்தான" என்றாள் அத்தை.

"இயல்பாக இருக்க வேண்டும் அம்மா. வாழ்க்கை தெரிய வேண்டும்."

"நல்ல சீலையில நின்னா வாழ்க்கை தெரியாதாக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாங்கள் எங்களைப் பார்க்க விரும்பிய விதம் அவருக்குப் பொய். அவர் எங்களைப் பார்க்க விரும்பிய விதம் உண்மை. இதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

இரண்டாவது சுற்றில் அவர் விதியைக் கொஞ்சம் மாற்றினார். ஆட்கள் நிற்கக் கூடாது. எது உங்களுக்குப் பெருமையோ அதை எடுங்கள். எது உங்களுக்குக் குறையோ அதை எடுங்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரு கேமரா கொடுத்தார். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஆளில்லாத போட்டோவை யார் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கவலை.

அந்தச் சுற்றில் வந்த படங்களைப் பார்த்து ஆராய்ச்சிக்காரர் குழந்தைபோலத் துள்ளினார். அவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஐந்தாம் வகுப்புப் பெண் எடுத்தது. பள்ளிக்கூடத்தின் குறை என்ன என்று அவளைக் கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் மேஜை மீது தலை வைத்துத் தூங்குவதை அவள் தெளிவாக எடுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது. பின்னால் கரும்பலகையில் 'சோம்பல் கூடாது' என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

இன்னொன்று, என் அம்மா எடுத்தது.

எங்களுக்கு ஒதுக்கிய நிலம் பள்ளத்தில் இருந்தது. நெல் போடலாம், மழை கூடினால் மூழ்கும். அப்பா இறந்த பிறகு அம்மா மேட்டுக்குப் போய், காட்டின் எல்லை காட்ட வனத்துறை நட்ட பாரஸ்ட் கல்லுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் கொஞ்சமாகப் புதரை வெட்டி வாழை வைத்தாள். பிறகு மிளகாய் வைத்தாள். நான் மாயாபந்தரில் தங்கிப் படித்தது அந்த வாழையில்தான். என் தங்கை அப்போது அங்கே தங்கிப் படித்துக்கொண்டிருந்ததும் அதில்தான். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குக் காவலான பாரஸ்ட் கார்டுக்கும் தெரியும். அவர் ராஞ்சிப் பக்கத்துக்காரர். ரோந்து வரும்போது அந்தக் கல் வந்ததும் கடலைப் பார்க்க ஆரம்பிப்பார். கல்லைத் தாண்டிய பிறகுதான் அவருக்குக் கழுத்து நேராகும். திரும்பிப் போகும் வழியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சீப்பு பழம் இருக்கும். யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. எங்கள் செட்டில்மெண்ட் நடந்ததே இப்படிப் பார்க்காமல் இருக்கத் தெரிந்தவர்களால்தான்.

அம்மாவிடம் பெருமை எது என்று கேட்டார்கள். அவள் மேட்டுக்குப் போய் வாழையை எடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் போட்டோ என்றால் நடுவில் யாராவது நிற்க வேண்டும் என்பது எங்கள் முறை. ஆளை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நடுவில் பாரஸ்ட் கல்லை வைத்துக்கொண்டாள். போட்டோவுக்கு நிற்பவர்கள் குளித்துவிட்டுத்தானே நிற்பார்கள்? ஆகவே கல்லில் படர்ந்திருந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு எடுத்தாள். படத்தில் கல் மணமேடையில் உட்கார்ந்த மாப்பிள்ளைபோலப் பளிச்சென்று இருந்தது. அதன் மேல் எழுதியிருந்த எண்ணைக் கண் மங்கியவரும் படிக்கலாம். கல்லுக்குப் பின்னால் வரிசை பிசகாமல் எங்கள் வாழைகள்.

"அற்புதம்! ஒரு பெண் காட்டோடு போராடி மண்ணை மீட்டிருக்கிறாள். இதுதான் கண்காட்சியின் முதல் படம். பெரிதாக்கி நுழைவாயிலிலேயே மாட்டப்போகிறேன்" என்றார்.

"எந்தக் கண்காட்சி?" என்று கேட்டேன்.

போர்ட் பிளேயரில் ஒரு மண்டபம் ஏற்பாடாகிவிட்டதாம். மெயின்லேண்ட் அதற்குப் பிறகுதானாம். நிர்வாகத்தின் பெரிய அதிகாரிகள் எல்லோரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். வனத்துறை உட்பட.

மெயின்லேண்டில் எவன் பார்த்தாலும் அது வாழையும் கல்லும். போர்ட் பிளேயரில் அது எண்ணோடு கூடிய வாக்குமூலம். எண்ணைப் பார்த்தால் இடம் தெரியும். இடம் தெரிந்தால் ஆள் தெரியும். வாழையைப் பிடுங்குவார்கள். காட்டை ஆக்கிரமித்தோம் என்று பள்ளத்து நிலத்துக்கும் நோட்டீஸ் வரும். தங்கை அந்த வருஷமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் மண்டபத்தில் மாட்டி வெளிச்சம் போட்டுக் காட்டினால், தெரியாததுபோல இருக்க எந்த அதிகாரியாலும் முடியாது.

அன்று சாயங்காலமே தலைமையாசிரியர் அந்தத் தூங்கும் படத்தைப் பார்த்துவிட்டார். ஆராய்ச்சிக்காரரைத் தனியாக அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது படம் ஜோல்னாப் பைக்குள் போயிருந்தது.

"ஓர் ஆசிரியரின் கண்ணியம் சம்பந்தப்பட்டது. ஆராய்ச்சிக்கு அறம் முக்கியம்" என்று என்னிடம் விளக்கினார்.

நல்ல நேரம் என்று நினைத்து அம்மாவின் படத்தைப் பற்றிப் பேசினேன். நிலம், கல், தங்கை, நோட்டீஸ் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தாடியைத் தடவினார்.

"டீச்சர், உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இது உங்கள் அம்மாவின் குரல். படித்தவள் என்பதற்காக அந்தக் குரலை அடக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா?"

"தலைமையாசிரியர் படமும் ஒரு பிள்ளையின் குரல்தானே சார்?"

"அது வேறு."

"எப்படி வேறு?"

"அதில் ஒரு மனிதர் பாதிக்கப்படுவார்."

இதைச் சொல்லும்போது அவர் கண் சிமிட்டக்கூட இல்லை. பிறகு சம்மதக் காகிதத்தை எடுத்து அம்மாவின் கையெழுத்தைக் காட்டினார். எல்லோரும் ரேகை வைத்த இடத்தில் இவர் ஒருவர்தானே தெரிந்து கையெழுத்துப் போட்டவர் என்றார். எழுதத் தெரிந்தால் மோசம் போகவும் முழுத் தகுதி வந்துவிடுகிறது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"அது என் குரலுன்னாரா?"

"ஆமா."

"என் குரலுன்னா நாந்தான பேசணும். நான் பேசாம இருக்கேன்னு போய்ச் சொல்லு."

"சொன்னாக் கேக்கமாட்டாரும்மா. கையெழுத்துப் போட்டுட்டியாம்."

"நீதான சொல்லிக்குடுத்த." மீனைத் திருப்பிப் போட்டாள். "கல்லு நல்லா விழுந்திருக்கா?"

"நம்பர்கூடத் தெரியுது."

"பின்ன? அவ்ளோ தேச்சேன்ல."

மறுநாள் காலையிலேயே கார்டு வாசலில் நின்றார். செய்தி எப்படிப் போனதோ. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அழாத குறையாக, "அரே அம்மா, யே க்யா கியா? மேரா நௌக்ரி சலா ஜாயேகா!" என்றார். இத்தனை வருஷம் கடலைப் பார்த்து நடந்த மனிதர். வேலை போனால் அவர் ஊருக்குப் போய் என்ன செய்வார்?

அம்மா அவரை உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். "கப்ராவ் மத், கார்டு பாபு. ஹம் தேகேகா" என்றாள். அவள் இந்தியில் 'பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்கள்கூட வழிவிடுவார்கள்.

அன்று பள்ளிக்கூடத்தில் படங்களுக்கு அடியில் எழுத வேண்டிய வாசகங்களைச் சேகரிக்கும் வேலை. ஆராய்ச்சிக்காரர் பெரிய மனதோடு அறிவித்தார்: ஒவ்வொரு படத்தின் கீழும் அதை எடுத்தவரின் சொந்தச் சொற்கள்தான் இருக்கும். ஓர் எழுத்துக்கூட மாற்றப்படாது. மாற்றினால் இந்த முறைக்கே அர்த்தமில்லை. ஒவ்வொருவராக வந்து சொல்ல, நான் எழுதினேன். அத்தை தன் கிணற்றுப் படத்துக்கு, "தண்ணி உப்பு. எஞ்சினியரு குடிச்சுப் பாக்கட்டும்" என்றாள். அவர் கைதட்டினார்.

அம்மா முறை வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு முன் நின்றாள். ஆராய்ச்சிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா. உங்கள் மண்ணைப் பற்றி உங்கள் வார்த்தையில்."

"எழுது புள்ள" என்றாள் என்னிடம். "இது சர்க்காரு காடு."

எழுதினேன்.

"இந்த வாழை தானா மொளச்சது."

என் பேனா ஒரு கணம் நின்றது. எழுதினேன்.

"மொளகாயும் தானா மொளச்சது. குருவி போட்டுருக்கும். காட்ட யாரும் தொடல. கல்லு அழகா இருந்துச்சு, அதான் எடுத்தேன். அவ்ளோதான்."

ஆராய்ச்சிக்காரர் எழுந்துவிட்டார். "அம்மா, நீங்கள்தானே வெட்டித் திருத்தினீர்கள்? நீங்களே சொன்னீர்கள்!"

"நான் எங்க சார் சொன்னேன்? போட்டோதான எடுத்தேன்."

"வாழை வரிசையாக நிற்கிறதே!"

"இந்த ஊருக் காட்டுக்கு அப்படி ஒரு ஒழுங்கு இருக்கு சார்" என்றாள் அத்தை பின்னாலிருந்து.

"ஆமாமா, மதினி வீட்டுக்கு மேக்கால பலாகூட அப்படித்தான் நிக்கும்" என்றாள் இன்னொருத்தி. அந்தப் பலாவும் கல்லுக்கு அந்தப் பக்கம்தான். பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்தார். "நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா?" என்றார். படிக்காத பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு குரல் உண்டு என்று ஊர் ஊராகச் சொல்லுகிறவர், அந்தக் குரல் தனக்கு எதிராக வந்ததும் யாரோ சொல்லிக்கொடுத்தது என்று முடிவு கட்டினார். எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு நல்ல யோசனை என்னுடையதாக இல்லையே என்ற பொறாமையும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

"ஓர் எழுத்தும் மாத்தப்படாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. அப்படியே மாட்டுங்க."

அவருக்கு வழியில்லை. அந்த வாசகத்தோடு மாட்டினால் மண்ணை மீட்ட பெண் காணாமல் போய், தானாக முளைத்த வாழைதான் மிஞ்சும். வாசலில் நின்று பார்க்கும் அதிகாரிகள் சிரிப்பார்கள். வாசகத்தை மாற்றினால் அவருடைய முறை போகும். அவர் கொடுத்த வாக்கைக் கேட்ட பெண்களும் இருக்கிறார்கள். மாலைவரை கொட்டகையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடைசியில் படத்தை மேஜையிலிருந்து எடுத்து, 'சமூகம் துணிவிழந்தது' என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டு, அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்தக் கறுப்பு பிலிமு?" என்று என்னிடம் கேட்டாள். ஸ்டுடியோக்காரர் வருகைகளில் இதையெல்லாம் கவனித்து வைத்திருக்கிறாள்.

"நெகட்டிவ் கல்லூரிக்குச் சொந்தம்" என்றார் அவர்.

"கல்லூரிக்கு எப்படி சார்? படத்தில் இருப்பது சர்க்கார் காடு. காட்டுக்குத்தானே சொந்தம்?" என்றேன். அவர் அதற்குமேல் வாதாடவில்லை. கத்தரிக்கோல் பள்ளிக்கூடத்துடையது. வெட்டியது நான்.

படகு மறுநாள் பிற்பகல் வந்தது. தலைமையாசிரியர் ஜெட்டிவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், நன்றிக்கடன். ஆராய்ச்சிக்காரர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓர் உண்மை புதைக்கப்பட்டுவிட்டது என்று என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். அவர் ஊருக்குப் போய் இதைக் கட்டுரையாக எழுதுவார் என்பதிலும், அதில் தடையாக வந்த படித்த மகள் ஒருத்தி இருப்பாள் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுதட்டும். அந்தப் படம் இல்லாமல் எழுதட்டும்.

அம்மா தாமதமாக, மூச்சு வாங்க, மேட்டுப் பக்கமிருந்து வந்தாள். கையில் நன்றாகப் பழுத்த ஒரு சீப்பு. படகில் ஏறப்போனவரின் ஜோல்னாப் பையில் தானே வைத்தாள்.

"வழியில பசிக்கும் தம்பி. சாப்புடுங்க."

அவர் பழத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பயப்படாம சாப்புடுங்க" என்றாள் அம்மா. "தானா மொளச்சதுதான்."